லோகோ மோகோ வீட்டில் ஏன் சரியாக வருவதில்லை?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஹவாயின் லோகோ மோகோ என்ற உணவை மூன்று முறை வீட்டில் செய்திருக்கிறார். மாட்டுக்கறி பேட்டி (கொத்துக்கறியை வட்டமாகத் தட்டிய துண்டு) ஒவ்வொரு முறையும் நடுவில் உப்பி, கடித்தால் ரப்பர் போல எகிறுகிறது. கிரேவி ஒருமுறை போஸ்டர் ஒட்டும் பசையாகவும் அடுத்த முறை ரசமாகவும் வந்திருக்கிறது. சோறு பொன்னி புழுங்கல். ஊற்றிய கிரேவி மொத்தமும் தட்டின் அடிக்குப் போய்விட்டதாம். “நல்ல ரெசிபி ஒன்று கொடுங்கள்” என்று முடித்திருக்கிறார். இன்னொரு ரெசிபியால் இது தீராது. சோறு, மாட்டுக்கறி பேட்டி, பழுப்பு கிரேவி, மேலே ஓர் ஆஃப்பாயில் என்ற நான்கும் எல்லா ரெசிபியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். நான்கும் ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். அளவுகளும் கூடவே வரும், நான்கு பேருக்கு.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். லோகோ மோகோவைப் பார்த்ததும் பர்கரில் இருந்து பன்னை எடுத்துவிட்டுச் சோறு வைத்தது போலத் தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டு செய்யும்போதுதான் பாதித் தப்பு நடக்கிறது. இது சோற்று உணவு. கரண்டியின் ஓரத்தால் பேட்டியை வெட்டி, அடியில் இருக்கும் சோற்றோடும் கிரேவியோடும் உடைந்த மஞ்சள் கருவோடும் ஒரே வாயில் போட வேண்டும். கத்தி தேவைப்பட்டால் பேட்டி தப்பு. கிரேவி சோற்றுக்குள் பாதி இறங்கி மீதி மேலே நிற்காவிட்டால் கிரேவி தப்பு, அல்லது அரிசி தப்பு. கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு கணக்கில் இருந்து வருவதுதான்.

பிறந்த கதையும் இதையே சொல்கிறது. ஹவாயின் பெரிய தீவில் உள்ள ஹிலோ நகரம்தான் இதன் ஊர். அதில் பெரிதாகச் சண்டை கிடையாது. பரவலாகச் சொல்லப்படும் கதைப்படி, 1949இல் அங்கே ரிச்சர்ட், நான்சி இனோயே தம்பதி நடத்திய லிங்கன் கிரில் என்ற கடைக்கு, லிங்கன் ரெக்கர்ஸ் என்ற விளையாட்டுக் குழுவின் பையன்கள் வருவார்கள். சாண்ட்விச் அலுத்துப்போய், மலிவாக, சீக்கிரமாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, அதன் மேல் ஹாம்பர்கர் பேட்டியை வைத்து, பழுப்பு கிரேவியை ஊற்றிக் கொடுத்தார்கள். முட்டை பிற்பாடு வந்து சேர்ந்தது. அந்தப் பையன்களில் ஒருவனுக்கு ‘கிரேஸி’ என்று பட்டப்பெயர். அதற்கு ஸ்பானியச் சொல்தான் ‘லோகோ’, கிறுக்கன் என்று பொருள். ‘மோகோ’ எதுகைக்காக ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். (ஸ்பானிய மொழியில் மோகோ என்றால் மூக்குச் சளி. பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை.) அதே ஊரில் 1946இல் தொடங்கிய கஃபே 100 என்ற கடைக்கும் இந்த உணவைப் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. யார் முதல் என்ற வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அடியில் இருப்பது ஜப்பானியக் குடியேறிகள் பழக்கிய பிசுபிசுப்பான சோறு. பழங்குடி ஹவாய் மக்களின் பாரம்பரிய உணவுகளான ‘போய்’ (சேப்பங்கிழங்கு வகைக் கூழ்), ‘லாவ்லாவ்’ (இலையில் பொதிந்து அவித்த கறி) வகையில் இது சேராது. தோட்டத் தொழிலாளர்களாக வந்த பல நாட்டுக்காரர்களின் சமையல் கலந்து உருவான இந்த வகைக்கு அங்கே ‘லோக்கல் ஃபுட்’ என்றுதான் பெயர்.

ஆகவே அரிசியில் இருந்து தொடங்குகிறேன். ஹவாயில் இதற்குப் பயன்படுவது நடுத்தர நீள ஜப்பானிய வகை அரிசி. கால்ரோஸ் என்ற பெயரில் பெரிய பல்பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். 1948இல் கலிஃபோர்னியாவில் வெளியிடப்பட்ட ரகம் அது. இந்த அரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு. அதனால் வெந்த பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் பருக்கை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மேலே ஊற்றும் கிரேவியை அந்தக் கட்டு பிடித்துவைத்துக்கொள்ளும். பொன்னி புழுங்கலும் பாஸ்மதியும் இதற்கு நேர் எதிர். உதிரி உதிரியாக நிற்பதுதான் அவற்றின் பெருமை, இங்கே அதுவே கேடு. பருக்கைகளின் இடைவெளி வழியாக கிரேவி வடிகட்டியில் ஊற்றியது போல இறங்கிவிடும். உங்கள் தட்டில் நடந்தது இதுதான். கால்ரோஸ் கிடைக்காவிட்டால் பச்சரிசிக்குப் போங்கள், அதிலும் பழைய அரிசியைத் தேடாமல் புது அரிசியாக. வீட்டில் “புது அரிசி, குழையுது” என்று அலுத்துக்கொள்வோமே, அந்தக் குணம்தான் இங்கே வேண்டும். கால்ரோஸ் அளவுக்கு வராது. பொன்னி புழுங்கலைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு கப் கால்ரோஸ், ஏறக்குறைய 400 கிராம். மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, இரண்டே கால் கப் தண்ணீர் ஊற்றுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கொதி வந்ததும் மூடி, தீயை நன்றாகக் குறைத்து 12, 13 நிமிடம். அணைத்த பிறகு மூடியைத் திறக்காமல் இன்னும் 10 நிமிடம். கஞ்சி வடிக்கக் கூடாது; வடித்தால் ஒட்டவைக்கும் மாவும் அதோடு போய்விடும். பிரஷர் குக்கரில் விசில் விட்டு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் பருக்கை உடைந்து பொங்கலாகிவிடும், பொங்கலின் மேல் கிரேவி ஊறாமல் வழுக்கும்.

அடுத்து கறி. பேட்டி ரப்பராவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் சமையலறையில் மூன்றாவது இருக்கிறது என்று ஊகிக்கிறேன், முதலாவதும் இருக்கலாம். ஒன்று, கொழுப்புக் குறைவான கறி. அமெரிக்கக் கடைகளில் இதற்கு வாங்குவது 80க்கு 20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. இந்தியாவில் பல இடங்களில் பீஃப் என்று கிடைப்பது எருமைக்கறி. கொழுப்பு குறைவு, நார் தடிமன். கடைக்காரரும் நல்லது செய்வதாக நினைத்து வெள்ளைக் கொழுப்பை எல்லாம் கழித்துவிட்டுத்தான் கொத்துவார். கழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள்பட்டைக் கறியும் நெஞ்சுக்கறியும் கலந்து, ஜவ்வை மட்டும் நீக்கிவிட்டு, 500 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பு சேர்த்து ஒரே ஒரு முறை கொத்தித் தரச் சொன்னால் ஏறக்குறைய அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

இரண்டாவது, அரைக்கும் முறை. மெஷினில் நடுத்தரத் துளையில் ஒருமுறை ஓட்டிய கொத்துக்கறி வேண்டும். மிக்ஸியில் போட்டால் பிளேடின் சூட்டில் கொழுப்பு இளகி, கறி விழுதாகிவிடும். வெந்ததும் அது சாசேஜ் போலக் கெட்டிப்படும். மெஷின் இல்லாவிட்டால் கறியை முக்கால் மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து விறைப்பாக்கி, கனமான கத்தியால் கையாலேயே கொத்துவது நல்லது. உழைப்பு அதிகம், பலனும் அதிகம்.

மூன்றாவது உப்பு. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கொத்துக்கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்து ஊறவைத்தால், உப்பு மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். அது கறித்துணுக்குகளை ஒன்றோடொன்று பசை போட்டது போல ஒட்டிவிடும். சீக் கபாப் கம்பியில் இருந்து விழாமல் நிற்பது அந்தக் குணத்தால்தான். அங்கே அது தேவை, இங்கே வேண்டாம். சப்பாத்தி மாவு போலப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் அங்கேயே உருவாகிவிட்டது, அடுப்பின் மேல் பழி போட வேண்டாம். நான்காவது, தோசைத் திருப்பியால் அமுக்குவது. ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வருவது நன்றாகத்தான் இருக்கும். சத்தம் போட்டு வெளியேறுவது உங்கள் பேட்டியின் ஈரமும் கொழுப்பும்.

இன்னொன்றும் உண்டு, நம் வீட்டுப் பழக்கம்: கொத்துக்கறியைத் தண்ணீரில் அலசுவது. துண்டுக்கறியை அலசினால் மேல் ஈரம் மட்டும்தான். கொத்துக்கறி பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு எவ்வளவு சூடான இரும்பில் போட்டாலும் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போக வேண்டும். அதனால் சாம்பல் நிறத்தில் வெந்த கறிதான் கிடைக்கும், சட்டியில் பழுப்பும் படியாது. கழுவியே ஆக வேண்டும் என்றால் துண்டாக வாங்கிக் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, பிறகு கொத்துங்கள்.

பேட்டியில் ரொட்டி சேர்க்கலாமா கூடாதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. வெறும் கறி, உப்பு, மிளகு போதும் என்பது ஒன்று. வெங்காயம், ரொட்டித்தூள், பால் சேர்ப்பது இன்னொன்று; ஜப்பானின் ஹம்பாகு (பன் இல்லாத ஹாம்பர்கர்) வழியில் வந்தது. ஹவாய் வீடுகளில் இரண்டும் உண்டு, எதையும் போலி என்று சொல்ல முடியாது. என் தீர்ப்பு இரண்டாவதின் பக்கம், அதுவும் நம் ஊர்க் கறிக்கு. ரொட்டியின் மாவுச்சத்து பாலைப் பிடித்துவைத்து, கறித்துணுக்குகள் ஒன்றோடொன்று இறுகாமல் இடையில் நிற்கும். கரண்டியால் வெட்டும் மென்மை அப்படித்தான் வருகிறது. 600 கிராம் கறிக்கு ஓரம் நீக்கிய ஒரு துண்டு வெள்ளை ரொட்டியை மூன்று மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்துக் கூழாக மசியுங்கள். ஒரு சிறிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கண்ணாடி போல ஆகும் வரை வதக்கி, முழுக்க ஆறவிடுங்கள். பச்சை வெங்காயம் உள்ளே தண்ணீர் விட்டு பேட்டியைப் பிளக்கும். சூடாகச் சேர்த்தால் கொழுப்பு இளகும். இரண்டையும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளோடு கறியில் போட்டு, விரல்களை விரித்துக்கொண்டு, ரவை கிளறுவது போல இருபது முப்பது சுழற்சி. எல்லாம் கலந்துவிட்டது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். இஞ்சிப்பூண்டு விழுதும் கரம் மசாலாவும் போட்டால் நல்ல கோஃப்தா கிடைக்கும். அது வேறு உணவு.

நான்காகப் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில், நீங்கள் விரும்பும் அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமாகத் தட்டுங்கள். வேகும்போது சுருங்கும். ஓரம் முதலில் சூடாகி உள்நோக்கி இறுகுவதால்தான் நடு உப்பிப் பந்தாகிறது. கட்டை விரலால் நடுவில் வடை போலத் துளை விடாமல், தட்டையான ஒரு குழி மட்டும் போடுங்கள்; உப்பினாலும் சமமாக வந்து நிற்கும். தட்டிய பேட்டிகளைச் சட்டி காயும் வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு, அடுப்பில் போடுவதற்குச் சற்று முன் இருபுறமும் தூவினால் போதும். நான்குக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு.

நான்-ஸ்டிக்கை இதற்கு எடுக்காதீர்கள். அதில் எதுவும் ஒட்டாது என்பதுதான் குறையே; ஒட்டும் பழுப்பில் இருந்துதான் கிரேவி பிறக்கிறது. 26 சென்டிமீட்டர் வாய் உள்ள வார்ப்பிரும்புச் சட்டி அல்லது அடிகனமான எவர்சில்வர் சட்டி போதும். தோசைக்கல் சூட்டுக்கு நல்லது, ஆனால் விளிம்பு கிடையாது, பிறகு கிரேவி வைக்க முடியாது. நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் மூன்று நிமிடம் காயவைத்து, தண்ணீர்த் துளி தெளித்தால் முத்து முத்தாக உருண்டோட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு இரண்டிரண்டு பேட்டியாகப் போடுங்கள். நான்கையும் நெருக்கினால் ஆவி போக வழியில்லாமல் கறி அவியும். முதல் பக்கம் மூன்று முதல் நான்கு நிமிடம், நகர்த்தாமல். எளிதாகப் பெயர்ந்து வந்தால் திருப்பலாம். அடி பிடித்துக்கொண்டு வராவிட்டால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள், தானாக விடும். மறுபக்கம் இரண்டு மூன்று நிமிடம். இந்தக் கட்டத்தில் உள்ளே முழுக்க வெந்திருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும், மீதி கிரேவியில் வேகும். அடுப்புக்கு அடுப்பு தீ மாறும் என்பதால் நிமிடங்களை வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் சத்தத்தையும் நம்புங்கள்.

இப்போது சட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் செம்பழுப்பாக, அங்கங்கே மெல்லிய தோல் போல ஒட்டியிருக்கும். கரண்டியால் சுரண்டினால் பொரிந்த கறியின் வாசனை வரும். அதுதான் கிரேவியின் உயிர். அதே படிவு கறுத்து, புகை வாசனையோடு இருந்தால் அது காந்தல். அதில் கிரேவி வைத்தால் கசக்கும். சர்க்கரையோ வெண்ணெயோ போட்டு அந்தக் கசப்பை மறைக்க முடியாது. பாதி கறுத்திருந்தாலும் சட்டியைக் கழுவிவிட்டு வெண்ணெயில் புதிதாகத் தொடங்குவதே மேல். முதல் இரண்டு பேட்டிக்குப் பிறகு அடி கறுக்கத் தொடங்குவது தெரிந்தால் தீயைக் குறைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

பேட்டிகளை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் மூன்று மேசைக்கரண்டிக் கொழுப்பு மட்டும் இருக்குமாறு மீதியை வடித்துவிடுங்கள். குறைந்தால் வெண்ணெயால் நிரப்புங்கள். கணக்கு எளிது: மூன்று மேசைக்கரண்டிக் கொழுப்பு, மூன்று மேசைக்கரண்டி மைதா, அரை லிட்டர் ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு). கொழுப்பு மாவைவிட அதிகமானால் கிரேவியின் மேல் எண்ணெய் மிதக்கும், குறைந்தால் மாவு உலர்ந்து கட்டி தட்டும். நீளவாக்கில் நறுக்கிய நடுத்தர வெங்காயம் ஒன்று, விருப்பமிருந்தால் 150 கிராம் காளான். காளான் விட்ட தண்ணீர் வற்றி மறுபடியும் பொரியும் சத்தம் வரும் வரை வதக்குங்கள், ஆறேழு நிமிடம். வெங்காயம் விடும் ஈரத்தைக் கொண்டே அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டி விடலாம். பிறகு மைதாவைத் தூவி, தீயைக் குறைத்து இரண்டு முதல் மூன்று நிமிடம், பச்சை வாசனை போய் வறுத்த மாவின் வாசனை வரும் வரை கிளறுங்கள். நிறம் வேண்டும் என்று சாக்லேட் பழுப்புக்குப் போய்விடாதீர்கள். மாவு எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு அதன் கெட்டியாக்கும் சக்தி குறையும். ரசம் போல வந்த உங்கள் கிரேவிக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அறைச்சூட்டில் உள்ள ஸ்டாக்கை முதலில் அரைக் கப் மட்டும் ஊற்றி வேகமாகக் கிளறுங்கள். அல்வா போலத் திரளும், பயப்பட வேண்டாம். வழுவழுப்பானதும் அடுத்த அரைக் கப், பிறகு மீதி. கட்டி தட்டுவது எப்போது என்றால், உலர்ந்த மாவு நேரடியாகக் கொதிநீரைச் சந்திக்கும்போது. வெளிப்பூச்சு உடனே வெந்து தோலாகி, உள்ளே மாவு உலர்ந்தபடியே மாட்டிக்கொள்ளும். கொழுப்பில் பிரட்டிய மாவுக்கு அந்த ஆபத்து குறைவு. அப்படியும் கட்டி வந்தால் வடிகட்டிவிட்டு, வெங்காயத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் (ஹவாயில் இதை ஷோயு என்பார்கள்), இரண்டு தேக்கரண்டி ஊஸ்டர் சாஸ், அரைத் தேக்கரண்டி மிளகு. ஊஸ்டர் சாஸ் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். அதன் புளிப்பில் வினிகரோடு நம் புளியும் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி நீர்த்த புளிக்கரைசலும் அரைத் தேக்கரண்டி வெல்லமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். அதில் உள்ள நெத்திலி மீனின் ஆழம் வராது. குறைந்த தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம் கொதிக்கட்டும். மைதா கொதிநிலைக்கு வந்ததும் கெட்டியாகிவிடும், ஆனால் மாவுச் சுவை போவதற்கு இந்த நேரம் தேவை. பசை போல வந்த உங்கள் முதல் கிரேவி மாவு கூடியதாலும் வந்திருக்கலாம், கெட்டியானதும் அடுப்பை அணைத்ததாலும் வந்திருக்கலாம். ஸ்டாக் சேர்த்துத் தளர்த்தி மறுபடி கொதிக்கவிட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

ஸ்டாக் க்யூபைப் பற்றி ஒரு எச்சரிக்கை. க்யூபிலும் உப்பு, சோயாவிலும் உப்பு, ஊஸ்டரிலும் உப்பு. பாக்கெட்டில் அரை லிட்டருக்கு ஒரு க்யூப் என்று போட்டிருந்தால் பாதி போடுங்கள், தனி உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே சேருங்கள். கிரேவி வற்றும்போது உப்பு கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டு எலும்பு ஸ்டாக் இல்லாதபோது கோழி ஸ்டாக்கோ, உலர்ந்த ஷிடாகே காளான் ஊறிய தண்ணீரோ வெறும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். மைதாவுக்குப் பதிலாகச் சோள மாவு பயன்படுத்துவோரும் நிறைய. ஒரு மேசைக்கரண்டி சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி மைதாவுக்குச் சமம். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து கொதிக்கும் ஸ்டாக்கில் ஊற்றி ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பளபளப்பாக இருக்கும், ஆனால் நீண்ட நேரம் கொதித்தால் நீர்த்துப்போகும். பேட்டியை கிரேவியிலேயே வேகவைக்கப் போவதால் இங்கே மைதாவுக்கே என் ஓட்டு.

பேட்டிகளையும் தட்டில் சேர்ந்த சாற்றையும் கிரேவியில் விட்டு, மூடி, சிறு கொதியில் மூன்று நான்கு நிமிடம். கொத்துக்கறியில் ஒரு விஷயம் உறுதி: மேற்பரப்பில் இருக்கும் கிருமிகள் கொத்தும்போது உள்ளே போய்விடுகின்றன, ஆகவே ஸ்டேக் போல நடுவில் சிவப்பாக விடக் கூடாது. அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு நடுவில் 71 டிகிரி செல்சியஸ். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில கறி அந்தச் சூட்டுக்கு முன்பே பழுப்பாகிவிடும், சில அதைத் தாண்டியும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. ரொட்டியும் கொழுப்பும் சேர்ந்த பேட்டி 71இல் உலராது.

கிரேவியின் பதத்தைக் கரண்டியின் முதுகில் விரலால் கோடிட்டுப் பார்ப்பார்கள். அதைவிட நேரான சோதனை, ஒரு கரண்டிச் சோற்றின் மேல் ஒரு கரண்டி கிரேவியை விட்டுப் பார்ப்பது. மெல்லப் பரவி, பாதி உள்ளே இறங்கி, மீதி பருக்கைகளைப் பூசிக்கொண்டு நின்றால் சரி. குன்று போலக் குவிந்து நின்றால் இரண்டு கரண்டி ஸ்டாக். உடனே அடிக்கு ஓடினால் மூடியை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் கூடுதல் கொதி. தட்டுக்குப் போய் ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால், அடுப்பில் இருக்கும்போது ஒரு பொட்டுத் தளர்வாகவே இருக்கட்டும்.

முட்டை கடைசி. ஆஃப்பாயில்தான், மிளகுத்தூள் தூவாமல். இதற்கு மட்டும் நான்-ஸ்டிக் நல்லது. மிதமான தீ, ஒரு தேக்கரண்டி எண்ணெய், வெள்ளைக்கரு ஓரம் இறுகியதும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து அரை நிமிடம் மூடிவைத்தால், மேலே கொழகொழவென்று நிற்கும் வெள்ளையும் வெந்துவிடும், மஞ்சள் இளகியே இருக்கும். அந்த மஞ்சள் உடைந்து கிரேவியில் கலப்பது அலங்காரத்துக்காக இல்லை. உப்பும் கறிச்சாறும் நிறைந்த கிரேவியின் கூர்மையை அது மழுக்கிவிடுகிறது. மஞ்சளை முழுக்க வேகவைத்துவிட்டால் தட்டில் உலர்ந்த ஒரு பொருள் கூடியது போலாகும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு மட்டும் முழுக்க வேகவைத்தே கொடுங்கள். அவர்கள் தட்டில் கிரேவியைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிடலாம்.

நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். அரிசியை முதலில் அடுப்பில் ஏற்றுங்கள். அது கொதித்து மூடியதும் பேட்டி. சோறு ஓய்வெடுக்கும்போது கிரேவி. பேட்டி கிரேவிக்குள் போனதும் முட்டை. கிரேவி தயாராகிச் சோற்றுக்காகக் காத்திருந்தால் ஆடை கட்டிவிடும், சோறு கிரேவிக்காகப் பாத்திரத்தில் காத்திருந்தால் எதுவும் கெடாது. அகலமான கிண்ணத்தில் ஒன்றரைக் கப் சோறு, அமுக்காமல். மேலே பேட்டி, அதன் மேல் அரைக் கப் அளவுக்கு கிரேவி, உச்சியில் முட்டை, நறுக்கிய வெங்காயத்தாள். முட்டையை வைத்துவிட்டு அதன் மேல் கிரேவி ஊற்றுவோரும் உண்டு, அதுவும் ஹவாய்ப் பழக்கம்தான். எனக்கு மஞ்சள் கரு கண்ணுக்குத் தெரிவது பிடிக்கும், அவ்வளவே. ஹவாயில் பக்கத்தில் மயோனைஸ் போட்ட மாக்கரோனி சாலட் வரும். வீட்டில் அது இல்லாவிட்டால் வெள்ளரியோ முட்டைக்கோஸோ வினிகரில் ஊறியதாக ஒரு பிடி வையுங்கள், இவ்வளவு கொழுப்புக்கு நடுவில் ஏதோ ஒரு புளிப்பு வேண்டும்.

மீந்தால் சோற்றையும் கிரேவியையும் தனித்தனியாக எடுத்துவையுங்கள். சேர்த்து வைத்தால் சோறு கிரேவியைக் குடித்துக் களியாகிவிடும். சோற்றை வெளியே மணிக்கணக்கில் விடாமல், ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிரேவி மறுநாள் ஜெல்லி போல இறுகியிருக்கும். இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் விட்டு, குறைந்த தீயில் கிளறிக்கொண்டே பேட்டியோடு நன்றாகக் கொதி வரும் வரை சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். முட்டையை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.